எல்லாச் சாக்ஸும் ஒரே ரகம்: பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பெங்களூருக்கு வேலைக்கு வரும்வரை நம்மில் பலருக்குச் சாக்ஸ் என்பது பள்ளிக்கூடச் சீருடையோடு முடிந்துபோன விஷயம். திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ கல்லூரிக்குச் செருப்பு போதும், கல்யாண வீட்டுக்கும் செருப்பு போதும். இங்கே வந்ததும் வாரத்தில் ஐந்து நாள் ஷூ, அதற்குள் சாக்ஸ். டிசம்பர் வந்துவிட்டால் தூங்கும்போதும் சாக்ஸ். கொஞ்ச நாளில் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு ஜோடி சேர்ந்துவிடுகிறது. ஊரிலிருந்து அம்மா வாங்கி அனுப்பியது, ஷூ வாங்கியபோது கடைக்காரர் சேர்த்துக் கொடுத்தது, ஆபீஸில் யாரோ பரிசாகத் தந்தது, நடைபாதைக் கடையில் மூன்று ஜோடியாகக் கட்டி விற்றது என்று ஒவ்வொன்றும் ஒரு ரகம்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியம். காய்ந்த துணிக் குவியலில் சட்டை, பேண்ட், துண்டு எல்லாம் சீக்கிரம் மடிந்துவிடும். கடைசியில் கட்டில்மேல் மிஞ்சுவது இருபது சாக்ஸ். கருப்பு, வெளுத்த கருப்பு, கருப்பு மாதிரி தெரியும் நேவி ப்ளூ. ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஜோடி தேட வேண்டும். துவைக்கிற வேலையை மெஷின் செய்துவிடுகிறது. இந்தத் தேடுகிற வேலைதான் நம் தலையில் விழுகிறது. வாராவாரம் செய்தாலும் அது குறைவதே இல்லை.

இந்த வேலையை அடியோடு நீக்க ஒரு வழி உண்டு. இருப்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே கம்பெனி, ஒரே ரகம், ஒரே நிறம், ஒரே அளவு என்று மொத்தமாக வாங்கிவிடுவது. அதன்பிறகு எந்தச் சாக்ஸும் எந்தச் சாக்ஸுக்கும் ஜோடி. எங்கள் வீட்டில் பல வருடமாக இந்த முறைதான். கேட்க மிக எளிது, ஆனால் எப்படி வாங்குவது, எப்போது மொத்தமாகக் கழிப்பது என்ற இரண்டு இடத்தில் கவனம் தப்பினால் ஒரே வருடத்தில் பழைய குழப்பத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். அதனால் அந்த இரண்டையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு

பத்து விதமான பத்து ஜோடி, அதாவது 20 சாக்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் ஆறு போய்விடுகிறது. மொட்டைமாடியிலிருந்து காற்றில் பறந்தது, பிஜி எனும் தங்கும் விடுதியின் மெஷினில் யாருடைய துணியோடோ கலந்துபோனது, ஊருக்குப் போன இடத்தில் விட்டுவந்தது, கட்டைவிரல் ஓட்டை போட்டது எல்லாம் சேர்த்துத்தான். ஆறு சாக்ஸ் போனால் மூன்று ஜோடி போச்சு, ஏழு ஜோடி மிஞ்சும் என்று தோன்றும். அப்படி ஏழு மிஞ்ச வேண்டுமென்றால் போன ஆறும் சரியாக மூன்று முழு ஜோடிகளாகவே போயிருக்க வேண்டும். 20 சாக்ஸிலிருந்து ஆறு தொலைய 38,760 விதம் உண்டு. அவற்றில் மூன்று முழு ஜோடிகளாகத் தொலைவது வெறும் 120 விதம். அதாவது 323-இல் ஒரு வாய்ப்பு. நூற்றுக்கு 87 தடவை நம் கையில் மிஞ்சுவது நான்கு ஜோடியோ ஐந்து ஜோடியோதான், மற்றதெல்லாம் ஒற்றை.

அதே 20-உம் ஒரே ரகமாக இருந்தால் எந்த ஆறு தொலைந்தாலும் 14 மிஞ்சும். எப்படிப் பார்த்தாலும் ஏழு ஜோடி.

காலையில் எடுப்பதற்கும் இதே கணக்கு பொருந்தும். டிராயரில் பத்து ரகம் கலந்து கிடந்தால், பார்க்காமல் எடுக்கிறவர் ஒரு ஜோடி நிச்சயம் கிடைக்கப் பதினொன்றை எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு ரகம் என்றால் மூன்று. ஒரே ரகம் என்றால் இரண்டே இரண்டு. விடிவதற்கு முன்பு கேப் வந்து நிற்கும்போது, ரூமில் இன்னொருவர் தூங்குகிறார் என்று விளக்குப் போடாமல் கிளம்புகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதல் படி: இருப்பதைக் கொட்டிப் பார்ப்பது

கட்டிலில் பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து இருக்கிற எல்லாச் சாக்ஸையும் கொட்டுங்கள். ஷூவுக்குள் கிடப்பது, ஜிம் பையில் கிடப்பது, டிராவல் பேக்கின் பக்க ஜிப்பில் இருப்பது எல்லாம் வர வேண்டும். ஜோடி உள்ளவை, ஒற்றை, கிழிந்தவை என்று மூன்றாகப் பிரியுங்கள்.

ஒற்றைகளை, ஜோடி என்றாவது வரும் என்று எடுத்து வைக்க வேண்டாம். அடுத்த இரண்டு துவைப்புக்குள் வராவிட்டால் வராது. நல்ல பருத்தியில் இருக்கும் ஒற்றைச் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டால் மின்விசிறி இறக்கை, கொசுவலை ஜன்னல், ஷூ பாலிஷ் மூன்றுக்கும் அதைவிட நல்ல துணி கிடையாது. கிழிந்தவற்றைத் துவைத்து உலர் கழிவில் போடுங்கள். பெங்களூரில் குப்பையை ஈரம், உலர் என்று பிரித்துக் கொடுப்பது கட்டாயம், துணி உலரில் சேரும். போட்ட சாக்ஸை வேலைக்கார அம்மாவுக்கோ காவலாளிக்கோ கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கொடுக்க நினைத்தால் பிரிக்காத புது ஜோடியாகக் கொடுங்கள்.

ஜோடியாக இருப்பவற்றை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. புதுசு வந்து சேரும்வரை அவை ஓடட்டும்.

இரண்டாம் படி: எத்தனை ஜோடி வேண்டும்

இரண்டு துவைப்புக்கு நடுவே எத்தனை நாள் ஷூ போடுகிறீர்கள், மழைக்காலத்தில் காய எத்தனை நாள் ஆகிறது, இரண்டையும் கூட்டி மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மட்டும் துவைக்கிறவர், ஐந்து நாள் ஆபீஸ், காய இரண்டு நாள் என்றால் மொத்தம் பத்து ஜோடி. பிஜியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் துணி போட முடியும் என்றால் பதினைந்து ஜோடி. வாரத்தில் இரண்டு தடவை துவைக்கிறவருக்கு எட்டே போதும்.

இதற்குமேல் வாங்காதீர்கள். அதிகம் இருந்தால் துவைப்பதைத் தள்ளிப்போடத் தோன்றும், வியர்வையில் நனைந்த சாக்ஸ் கூடையில் அத்தனை நாள் கிடக்கும். நாற்றத்துக்கு முக்கியக் காரணமே அதுதான். வியர்வைக்கு என்று பெரிதாக வாடை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் வியர்வையில் உள்ள சத்தைத் தின்று ஐசோவலெரிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குகின்றன, நமக்கு அடிப்பது அந்த அமிலத்தின் வாடை. ஈரமும் நேரமும் கிடைத்தால் அவை பெருகும்.

மூன்றாம் படி: எந்த ரகம்

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு ஜோடி பிடிக்காமல் போனால் ஒதுக்கி வைக்கலாம். பத்து ஜோடியும் பிடிக்காமல் போனால் ஒரு வருடம் காலில் உறுத்தலோடு நடக்க வேண்டும்.

நிறத்திலிருந்து தொடங்குவோம். உங்கள் ஷூக்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கருப்பு ஷூ மட்டும் என்றால் கருப்புச் சாக்ஸ். பிரவுனும் கருப்பும் இருந்தால் அடர்ந்த சாம்பல் நிறம் இரண்டுக்கும் பொருந்தும். வெளுப்பதும் அதில் அவ்வளவாகத் தெரியாது, அதனால் என் தேர்வு எப்போதும் அதுதான். நேவி ப்ளூ நல்ல நிறம், ஆனால் வீட்டில் வேறு யாரிடமாவது கருப்பு இருந்தால் வேண்டாம், ட்யூப்லைட் வெளிச்சத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. வெள்ளையை இந்த ஊர்ச் செம்மண் புழுதி சும்மா விடாது. சர்ஜாபூர் ரோடு பக்கம் கட்டட வேலை நடக்கும் தெருவில் ஒரு வாரம் நடந்தாலே தெரிந்துவிடும்.

கோடு, புள்ளி, ஓரத்தில் எழுத்து எதுவும் இல்லாத வெறும் சாக்ஸாக எடுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. அலங்காரம் உள்ள ரகம் அடுத்த வருடமே மாறிவிடும். வெறும் கருப்பும் சாம்பலும்தான் ஒரே மாதிரி நீண்ட நாள் கடையில் கிடைக்கும்.

அப்புறம் இடது, வலது. ஓடுகிறவர்களுக்கான சில ரகங்களில் விரல் பக்கத்தில் எல், ஆர் என்று நெய்திருப்பார்கள், பாதத்தின் வளைவுக்கு ஏற்ப அமைப்பும் மாறும். அவை தரமானவைதான், ஆனால் அவற்றை வாங்கினால் ஜோடி தேடும் வேலை பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். இரண்டு காலுக்கும் பொதுவான வடிவமா என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

துணி விவரம் பாக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். ஆபீஸுக்கு முக்கால் பங்கு பருத்தி, மீதி நைலான், கொஞ்சம் எலாஸ்டேன் என்ற கலவை நல்லது. நைலானைப் பாலிஅமைடு என்றும் எலாஸ்டேனை ஸ்பான்டெக்ஸ் அல்லது லைக்ரா என்றும் அச்சிட்டிருப்பார்கள், எல்லாம் ஒன்றுதான். முழுப் பருத்தி என்றால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் குதிகால் சீக்கிரம் தேயும், மேல்பட்டி தொளதொளக்கும். நைலான்தான் தேயாமல் காக்கிறது, எலாஸ்டேன்தான் காலைப் பிடித்து நிறுத்துகிறது. பாலியஸ்டர் அதிகமுள்ளது மழையில் சீக்கிரம் காயும், ஆனால் வாடை அதில் பருத்தியைவிட அதிகம் தங்கும். ஒன்பது மணி நேரம் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் பருத்தியையே சொல்வேன்.

விரல் பக்கத் தையலையும் தடவிப் பாருங்கள். கயிறு மாதிரி தடித்து நின்றால் நடக்க நடக்கச் சுண்டுவிரலில் உரசும். தட்டையாக இருக்க வேண்டும். உயரம் கணுக்காலுக்கு ஒரு சாண் மேல்வரை வந்தால் உட்காரும்போது பேண்ட்டுக்கும் சாக்ஸுக்கும் நடுவே கால் தெரியாது. கணுக்காலுக்குக் கீழே நிற்கும் குட்டைச் சாக்ஸ் ஷூவுக்குள் வழுக்கிப் போய்க்கொண்டே இருக்கும், இண்டர்வியூ நாளிலும் அப்படித்தான்.

நான்காம் படி: இரண்டு வாங்கிப் பார்த்து, பிறகு மொத்தமாக

முதலில் இரண்டே ஜோடி வாங்குங்கள். இரண்டு மூன்று வாரம் மாறி மாறிப் போட்டுத் துவையுங்கள். சாயம் எவ்வளவு இறங்குகிறது, துவைத்தபின் சுருங்குகிறதா, மாலையில் கழற்றும்போது காலில் ஆழமான தடம் விழுகிறதா, குதிகால் சரியான இடத்தில் உட்காருகிறதா என்று பாருங்கள். பிடித்தால் பாக்கெட் அட்டையில் உள்ள ரக எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு தேவையான அத்தனை ஜோடியையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

ஒரே தடவையில் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாயம் தொகுதி தொகுதியாக ஏற்றப்படுகிறது, ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் சின்ன வித்தியாசம் இருக்கும். அதைவிடப் பெரிய வித்தியாசம் துவைப்பதால் வருவது. ஆறு மாதம் துவைத்த கருப்பு பழுப்புப் பக்கமாகவோ சாம்பல் பக்கமாகவோ நகர்ந்திருக்கும். அதே கம்பெனி, அதே ரக எண்ணில் நான்கு ஜோடி புதிதாக வாங்கிச் சேர்த்தால் பெட்டிக்குள் இரண்டு கருப்பு வந்துவிடும், மறுபடியும் ஜன்னல் வெளிச்சம்தான். சோதனைக்கு வாங்கிய இரண்டு ஜோடியையும்கூட முக்கியப் பெட்டியில் சேர்க்க வேண்டாம். அவை வீட்டில் போட, ராத்திரி தூங்கும்போது போட என்று ஆகட்டும்.

கடைகளில் கிடைக்கும் மூன்று ஜோடிப் பாக்கெட்டில் பெரும்பாலும் கருப்பு, நீலம், சாம்பல் என்று ஒவ்வொன்று இருக்கும். நமக்கு அது ஆகாது. கமர்ஷியல் ஸ்ட்ரீட், ஜெயநகர் நான்காம் பிளாக், மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் எங்கே போனாலும் கேட்டால் பிரித்து ஒரே நிறத்தில் எடுத்துத் தருவார்கள். 'ஒந்தே கலர், ஹத்து ஜொதெ கொடி' என்று கன்னடத்தில் கேளுங்கள், ஒரே நிறத்தில் பத்து ஜோடி என்று அர்த்தம். மொத்தமாக வேண்டும் என்றால் சிக்பேட்டை. அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துக் கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். ஆன்லைனில் வாங்கினால் ஒரே ஆர்டரில் எல்லாவற்றையும் போடுங்கள், வந்ததும் அளவு எல்லாம் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பிரியுங்கள். 'ஃப்ரீ சைஸ்' என்று எழுதியிருப்பது 7, 8, 9 எண் ஷூ போடுகிறவர்களுக்குச் சரியாக இருக்கும். 11 போடுகிறவர்களுக்குக் குதிகால் பாதத்துக்கு அடியில் போய் நிற்கும், அவர்கள் அளவு எழுதிய ரகத்தைத் தேடுவதே நல்லது.

வாங்கி வந்த அன்றே எல்லாவற்றையும் பிரித்து, அட்டை, பிளாஸ்டிக் கொக்கி எல்லாம் நீக்கி, ஒரு பக்கெட்டில் தனியாக ஊறவைத்து அலசுங்கள். சாயம் முதல் அலசலில்தான் அதிகம் இறங்கும். இரண்டு ஜோடியைப் பிரிக்காமல் பத்திரமாக வைப்போம் என்று நினைக்க வேண்டாம், அவை புதுக் கருப்பாகவே இருந்துவிடும். எல்லாம் ஒரே நாளில் புழக்கத்துக்கு வர வேண்டும்.

ஐந்தாம் படி: துவைப்பது

சாக்ஸை மேல்பட்டியைப் பிடித்து உரித்தால் உள்பக்கம் வெளியே வந்துவிடும். அப்படியே கூடையில் போடுங்கள், அப்படியே துவையுங்கள். வியர்வையும் தோல் துகளும் ஒட்டியிருப்பது உள்பக்கம்தான், அழுத்தித் தேய வேண்டியதும் அதுதான். வெளிப்பக்கத்தில் பஞ்சுருண்டை எழும்புவதும் குறையும். காலையில் போடும்போது திருப்பிக்கொள்ளலாம்.

வலைப்பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஜிப் வைத்தது, விலை அதிகம் இருக்காது. பிஜியில் இருக்கிறவர்களுக்கு இது அவசியம், உங்கள் சாக்ஸ் மொத்தமும் ஒரே பையில் உள்ளே போய் ஒரே பையில் வெளியே வரும். முன்பக்கம் கதவுள்ள மெஷினில் சாக்ஸ் அந்தக் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பில் ஒளிந்துகொள்ளும், சிலசமயம் டிரம்முக்கும் ரப்பருக்கும் நடுவே நழுவித் தண்ணீர் வெளியேறும் பம்ப் வரைக்கும் போய்விடும். ஒரு சாக்ஸ் குறைகிறது, மெஷினும் தண்ணீரை வெளியேற்ற மாட்டேன் என்கிறது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் மெஷினின் கீழ்மூலையில் இருக்கும் ஃபில்டர் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் ஒரு தட்டு வைத்துக்கொண்டு திறவுங்கள், தண்ணீர் கொட்டும்.

பெங்களூருத் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேலேற்றி வரும் காவிரி நீர் கிடைக்கும் வீடுகளில் கவலை இல்லை. 2024 அக்டோபரில் காவிரி குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டு நகரோடு பின்னால் சேர்ந்த 110 கிராமப் பகுதிகளுக்கும் அந்த நீர் போகத் தொடங்கியது. ஆனாலும் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் பல அடுக்குமாடிகளும் பிஜிக்களும் போர் தண்ணியையும் டேங்கரையும்தான் நம்பியிருக்கின்றன. பக்கெட்டின் உள்விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால் உங்களுடையது கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நூலில் படியும், சாக்ஸ் அப்பளம் மாதிரி விறைத்துப் போகும். பவுடரைக் கூடப் போட்டால் சரியாகும் என்று நினைத்துப் பலரும் கூடப் போடுகிறார்கள், படிவுதான் கூடுகிறது. அளவாகப் போட்டு ஒரு தடவை கூடுதலாக அலசுங்கள். மாதம் ஒருமுறை கடைசி அலசலில் ஒரு சின்னக் கிண்ணம் வெள்ளை வினிகர் சேர்த்தால் படிவு கரையும். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயுவான குளோரின் வெளிவரும். பிளீச்சே சாக்ஸுக்கு வேண்டாம், எலாஸ்டேன் இற்றுப்போகும். துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், அது நூலின்மேல் ஒரு படலமாகப் படிந்து வியர்வையை உறிஞ்ச விடாது.

தண்ணீர் சூடு 40 டிகிரிக்குள் இருந்தால் போதும். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் மட்டும் 60 டிகிரியில் துவைக்க வேண்டும், அந்தப் பூஞ்சைக்கு இளஞ்சூடு ஒரு பொருட்டே இல்லை. புண் ஆறும்வரை அப்படிச் செய்யுங்கள், ஷூவையும் ஒருநாள் விட்டு ஒருநாள் காயவிடுங்கள். ரூம்மேட்டோடு சாக்ஸைக் கலந்து போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரே ரூமில் இரண்டு பேருமே இந்த முறைக்கு வந்தால் ஒருவர் கருப்பு, இன்னொருவர் சாம்பல் என்று வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

காயப்போடுவது

ஜூன் முதல் அக்டோபர் வரை இந்த ஊரில் வெயிலை நம்பித் துணி போட முடியாது. ஜூலையில் நாள் முழுக்க மேகமும் மேல்காற்றும், செப்டம்பரில் சாயங்காலம் திடீரென்று கொட்டும் மழை. மொட்டைமாடிக் கொடியில் சாக்ஸைச் சும்மா தொங்கவிட்டால் அந்தக் காற்றில் பக்கத்து வீட்டு ஷீட் கூரைக்குப் போய்ச் சேரும். இந்த ஊர் ஃப்ளாட்டுகளில் சமையலறைக்குப் பின்னால் 'யுட்டிலிட்டி' என்று ஒரு சின்னத் திறந்த இடம் விடுவார்கள். அங்கே வட்டமாகக் கிளிப் வைத்த ஹேங்கர் ஒன்றைத் தொங்கவிட்டால் பத்து ஜோடியும் ஒரு குடை அளவு இடத்தில் காய்ந்துவிடும். அந்த ஹேங்கர் பாத்திரக் கடை, பிளாஸ்டிக் கடை எங்கும் கிடைக்கும்.

விரல் பக்கத்தில் கிளிப் போடுங்கள். மேல்பட்டியில் போட்டால் ஈரத்தின் எடை முழுவதும் எலாஸ்டிக்கில் தொங்கும், கிளிப் தடமும் விழும். மழைக்காலத்தில் ஹேங்கரை ராத்திரி ரூமுக்குள் கொண்டுவந்து மின்விசிறிக்கு அடியில் மாட்டினால் காலையில் பெரும்பாலும் காய்ந்திருக்கும். அரைகுறை ஈரத்தில் போட்டுக்கொண்டு மட்டும் கிளம்பாதீர்கள். சேற்றுப்புண் வருவதே அப்படித்தான்.

காய்ந்ததை மடிக்க வேண்டாம், ஒன்றுக்குள் ஒன்று சுருட்டிப் பந்தாக்கவும் வேண்டாம். பந்தாக்கும்போது வெளியே இழுபடும் பட்டி மற்றதைவிடச் சீக்கிரம் தளரும், அப்புறம் ஒரே ரகத்துக்குள்ளேயே இறுக்கம், தளர்வு என்று இரண்டு ரகம் உண்டாகிவிடும். திறந்த பெட்டி ஒன்றில் அப்படியே போடுங்கள், ஷூ வாங்கிய அட்டைப்பெட்டியே போதும். காய்ந்தது ஒரு பக்கம் சேர, எடுப்பது மறுபக்கத்திலிருந்து என்று வைத்துக்கொண்டால் எல்லாம் ஒரே அளவில் தேயும். இந்த முறை நீடிக்க அது முக்கியம். வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவிலோ சாந்திநகரிலோ ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன்பு பேக் கட்டும்போதும் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதும்: மூன்று நாளுக்கு ஆறு சாக்ஸ்.

இரண்டாவது ரகம், குடும்பம், வேறு சில

காலையில் கப்பன் பார்க்கில் ஓடுகிறவர், ஜிம்முக்குப் போகிறவர் ஆபீஸ் சாக்ஸிலேயே ஓட வேண்டியதில்லை. இரண்டாவது ரகம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது முதல் ரகத்திலிருந்து இருட்டிலும் தடவிப் பார்த்தே பிரிக்கும்படி இருக்க வேண்டும். ஆபீஸுக்கு மெல்லிய நீளமான கருப்பு என்றால் ஓட்டத்துக்குத் தடித்த குட்டை வெள்ளை. கருப்பிலேயே இரண்டு நீளம் வேண்டாம். மூன்றாவது ரகமும் வேண்டாம்.

குடும்பத்தில் ஆளுக்கு ஒரு நிறம். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமே ஒரே ரகத்தைச் சொல்லிவிடுகிறது, நாம் ஐந்தாறு ஜோடி மொத்தமாக வாங்கினால் முடிந்தது. ஒரே பள்ளியில் படிக்கும் அண்ணன் தம்பிக்கு அளவு மட்டும் வேறாக இருக்கும்போதுதான் சிக்கல். மூத்தவனுடைய சாக்ஸில் விரல் பக்கத்து உள்தையலில் சிவப்பு நூலில் நான்கு தையல் போட்டுவிடுங்கள், ஷூவுக்குள் தெரியாது, துவைத்தாலும் போகாது. மார்க்கர் பேனா எழுத்து சில துவைப்பில் மங்கிவிடும்.

செருப்போடு போடுவதற்குக் கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸை இந்த ஊரில் நிறையப் பெண்கள் போடுகிறார்கள், குளிருக்கும் வண்டி ஓட்டும்போது வெயிலுக்கும். அதில் குதிகால் வடிவம் இருந்தால் இடதை வலது காலில் மாற்றிப் போட முடியாது, அதனால் ஒற்றை ஒன்று தொலைந்தால் இந்த முறையின் பயன் பாதிதான். ஆனாலும் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால் இடதுக்கு ஒரு வலது என்று எடுத்துவிடலாம். மெட்டி போடுகிறவர்கள் விரல் பக்கம் தடித்த ரகமாகப் பாருங்கள், மெல்லிய துணியில் மெட்டி ஒரு மாதத்தில் ஓட்டை போட்டுவிடும்.

அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்து அவர்களுக்கும் இதே முறையில் வாங்க நினைத்தால் கருப்பு வாங்காதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் புண் வந்தாலும் வலி தெரியாது. வெளிர்நிறச் சாக்ஸில் ரத்தமோ நீரோ பட்டால் உடனே கண்ணில் படும். மேல்பட்டி இறுக்காத, உள்ளே தடித்த தையல் இல்லாத ரகமாக வாங்கிக் கொடுங்கள்.

கடைசிப் படி: மொத்தமாகக் கழிப்பது

ஓட்டை விழுந்த சாக்ஸை அன்றே எடுத்துவிடுங்கள். ஒன்று போனால் ஒன்று மட்டும்தான் போகிறது, இன்னொன்றையும் சேர்த்துக் கழிக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை ஒற்றைப்படையில் நின்றாலும் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

சில மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒருசேரப் பாருங்கள். கையை உள்ளே விட்டுக் குதிகாலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரல் தெரிகிறதா? பட்டியை இழுத்து விட்டால் திரும்பி வருகிறதா, அப்படியே நின்றுவிடுகிறதா? பாதிக்குமேல் மெலிந்துவிட்டால், அல்லது எண்ணிக்கை ஒரு வாரத்துக்குப் போதாமல் குறைந்துவிட்டால், நல்லதாகத் தெரியும் நான்கைந்தையும் சேர்த்து மொத்தமாக மாற்றும் நேரம் வந்துவிட்டது. நல்லவை இருக்கும்போது மாற்றுவது வீண்செலவாகத் தெரியும். அந்த நான்கைந்தும் வீட்டில் போட, குளிர்கால ராத்திரிக்கு என்று வேறு டிராயருக்குப் போகட்டும். புதுசோடு ஒரே பெட்டியில் மட்டும் அவை இருக்க வேண்டாம்.

போட்டோவில் உள்ள ரக எண்ணைக் கடையில் காட்டிக் கேளுங்கள். அதே ரகம் கிடைத்தால் சோதனை இல்லாமலே மொத்தமாக வாங்கிவிடலாம். நின்றுபோயிருந்தால் பழையதோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டுக் கொண்டிருக்க வேண்டாம், அவைதான் ஒரே நாளில் போகப்போகின்றனவே. புதிய ரகத்தில் இரண்டு ஜோடி எடுத்து மறுபடியும் இரண்டு மூன்று வாரம் போட்டுப் பாருங்கள். அதற்குள் பழையது முழுக்கத் தீர்ந்துவிடாமல் இருக்க வேண்டுமென்றால் தேடலைக் கொஞ்சம் முன்பே, மழை தொடங்குவதற்கு முன்னால் மே மாதத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.